கம்யூனிட்டி டிவியில் உங்கள் முதல் நிகழ்ச்சி: எதைப் பேசலாம், எதற்கு யார் பொறுப்பு?

அமெரிக்காவில் பல ஊர்களில், கேபிள் பெட்டியின் சேனல் வரிசையில் எங்கோ ஓர் ஓரமாக ஒரு சேனல் இருக்கும். அதில் ஒரு பாட்டி ஸ்வெட்டர் பின்னச் சொல்லித் தருவார். அடுத்து ஒருவர் வந்து அரை மணி நேரம் மேயரைத் திட்டுவார். அதற்கடுத்து ஒரு சர்ச் பாடகர் குழு. இதற்கு பப்ளிக் ஆக்சஸ் என்று பெயர். அந்த ஊரில் குடியிருக்கும் யார் வேண்டுமானாலும் இதில் நிகழ்ச்சி போடலாம். நானும் மூன்று வருடமாக மாதம் ஒரு தமிழ் நிகழ்ச்சி செய்கிறேன்.

புதிதாக வருகிற நண்பர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: “இதை யாரு பார்த்து ஓகே சொல்லணும்?”

யாரும் சொல்ல வேண்டியதில்லை. படத்துக்கு சென்சார் போல இங்கே யாரும் உட்கார்ந்து பார்த்து வெட்டுவதில்லை. அதனால்தான் விதிகளைத் தெரிந்துகொள்ளும் வேலை நம் தலையில் விழுகிறது. நான் வக்கீல் இல்லை. நிகழ்ச்சி செய்து பழகிய அளவில், முதல்முறை வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டியதைச் சொல்கிறேன்.

படி 1: சேனல் யாருடையது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கேபிள் கம்பெனி ஊர்த் தெருக்களின் வழியாகத்தான் வயரைக் கொண்டுபோகிறது. தெரு எல்லாருக்கும் பொது. அதனால் நகராட்சி கம்பெனியோடு உரிம ஒப்பந்தம் போடும்போது, கேபிள் வருமானத்தில் ஒரு பங்கு கேட்கலாம். அது 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கூடவே மக்களுக்கென்று சேனலும் கேட்கலாம். 1984ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் தந்த வசதி இது. “கேட்கலாம்” என்பதைக் கவனியுங்கள். கட்டாயம் இல்லை. அதனால்தான் சில ஊர்களில் இந்தச் சேனல் இருக்கிறது, பக்கத்து ஊரிலேயே இல்லை.

சட்டத்துக்கு முன்பே இந்த எண்ணம் வேர்விட்டிருந்தது. 1968இல் வர்ஜீனியாவில் டேல் சிட்டி என்ற ஊர்க்காரர்கள் தாங்களே ஒரு கேபிள் சேனலை நடத்திப் பார்த்தார்கள். 1971இல் மன்ஹாட்டனில் பொதுச் சேனல்கள் தொடங்கின. அதே ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்டோனியும் ரெட் பர்ன்ஸும் ஒரு மாற்று ஊடக மையத்தைத் தொடங்கி, சாதாரண மக்கள் கையில் வீடியோ கேமராவைக் கொடுத்துப் பழக்கினார்கள். 1972இல் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம், பெரிய நகரங்களின் கேபிள் கம்பெனிகள் இப்படிச் சேனல் ஒதுக்கியே ஆக வேண்டும் என்றது. 1979இல் உச்ச நீதிமன்றம், அப்படி உத்தரவிட ஆணையத்துக்கு அதிகாரம் இல்லை என்று அந்த வகை விதிகளை ரத்து செய்தது. அந்த ஓட்டையை அடைத்துத்தான் 1984இல் சட்டமே வந்தது.

அந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு: இந்தச் சேனல்களில் என்ன ஓட வேண்டும் என்று கேபிள் கம்பெனி பத்திரிகை ஆசிரியர் போலத் தேர்ந்தெடுத்து வெட்டும் வேலை பார்க்கக் கூடாது. நம் சுதந்திரத்துக்கு முதல் ஆதாரம் இதுதான்.

இங்கே பலர் குழம்புகிறார்கள். பிபிஎஸ் போன்ற பொதுத் தொலைக்காட்சி வேறு, இது வேறு. இதிலேயே மூன்று வகை உண்டு: மக்களுக்கானது, பள்ளி கல்லூரிகளுக்கானது, நகர அரசுக்கானது. நகர அரசின் சேனலில் என்ன போடுவது என்பதை நகராட்சிதான் முடிவு செய்யும். நான் சொல்லும் சுதந்திரம் முதல் வகைக்குத்தான். உங்கள் ஊரில் இருப்பது எந்த வகை என்று கேட்டுவிட்டுத் தொடருங்கள்.

படி 2: மையத்தில் சேருங்கள், கையேட்டை வாங்குங்கள்

இந்தச் சேனலை நடத்தும் உங்கள் ஊர் மையத்துக்குப் போய் அறிமுக வகுப்பில் உட்காருங்கள். முகவரிச் சான்று கேட்பார்கள். சில இடங்களில் சிறிய உறுப்பினர் கட்டணம் இருக்கும், சில இடங்களில் அதுவும் இல்லை. கேமரா, மைக், எடிட்டிங் எல்லாம் சொல்லித் தருவார்கள். கருவிகளையும் இரவல் தருவார்கள்.

கேமராவில் கை வைக்கும் முன் மையத்தின் விதிகள் உள்ள கையேட்டைக் கேட்டு வாங்குங்கள். முழுக்கப் படிக்க நேரமில்லை என்றாலும் மூன்று இடங்களைக் கட்டாயம் படியுங்கள்: என்னென்ன தடை, ஸ்லாட் (ஒளிபரப்பு நேரம்) எப்படிக் கொடுக்கிறார்கள், தண்டனையும் மேல்முறையீடும். கடைசிப் பகுதியை யாருமே படிப்பதில்லை. தகராறு வரும் நாளில் அதுதான் வேண்டும்.

படி 3: தடைகளை ஒவ்வொன்றாகப் புரிந்துகொள்ளுங்கள்

முதலில் விளம்பரம். பெரும்பாலான மையங்களில் வியாபார விளம்பரத்துக்கு இடமே இல்லை. உதவிய கடைக்கு நன்றி சொல்லலாம், பெயர் போடலாம். விலை சொல்லக் கூடாது, “வாங்க, வாங்குங்க” என்று அழைக்கக் கூடாது. என் இரண்டாவது எபிசோடில் சமையல் பற்றிப் பேச வந்த ஒருவர், பேச்சோடு பேச்சாகத் தன் கடையின் போன் நம்பரையும் தோசை விலையையும் சொல்லிவிட்டார். எடிட்டிங்கில் எனக்கு அது தப்பாகவே படவில்லை. ஒளிபரப்பான பத்தாம் நாள் மையத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இப்போதெல்லாம் விருந்தினர் உட்கார்ந்ததும் மைக் மாட்டும்போதே இதைச் சொல்லிவிடுகிறேன்.

அடுத்து ஆபாசம். இங்கே சட்டம் இரண்டாகப் பிரிக்கிறது. முகம் சுளிக்க வைப்பது ஒன்று, சட்டப்படி ஆபாசம் என்பது வேறொன்று. 1973இல் மில்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் மூன்று கேள்வி வைத்தது. அந்த ஊரின் இன்றைய அளவுகோலில் சராசரி மனிதருக்கு, முழுதாகப் பார்த்தால், அது காமத்தைத் தூண்டுவதற்கென்றே செய்ததாகத் தெரிகிறதா? மாநிலச் சட்டம் குறிப்பிடும் பாலியல் செயலை அப்பட்டமாக அருவருக்கும்படி காட்டுகிறதா? இலக்கியம், கலை, அரசியல், அறிவியல் என்று குறிப்பிடத்தக்க மதிப்பு எதுவும் இல்லாமல் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால்தான் ஆபாசம். அப்படிப்பட்டதற்குப் பேச்சுச் சுதந்திரப் பாதுகாப்பு கிடையாது. கெட்ட வார்த்தையும் நிர்வாண ஓவியமும் தாமாகவே அந்தக் கணக்கில் சேர்ந்துவிடாது.

1992இல் ஒரு சட்டம், பப்ளிக் ஆக்சஸில் அநாகரிகமானவற்றைக் கேபிள் கம்பெனியே தடுக்கலாம் என்றது. 1996இல் டென்வர் பகுதியின் கல்வித் தொலைத்தொடர்புக் கூட்டமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைச் செல்லாது என்றது. அப்படியானால் பெரியவர்களுக்கான நிகழ்ச்சியை என்ன செய்வது? நேரத்தை மாற்றுகிறார்கள். பல மையங்கள் அவற்றை நள்ளிரவை ஒட்டி வைக்கும். உங்கள் நிகழ்ச்சி அந்த வகை என்றால் படிவத்தில் நீங்களே குறித்துக் கொடுங்கள். மறைத்துவிட்டு மாலை ஆறு மணிக்கு ஓடினால், உங்கள் மீது மட்டுமல்ல, சேனல் மீதே ஊர் கோபப்படும்.

மூன்றாவது அவதூறு. இதை நிதானமாகப் படியுங்கள். பப்ளிக் ஆக்சஸில் நீங்கள் சொன்ன அவதூறுக்குக் கேபிள் கம்பெனி பொறுப்பல்ல என்று மத்தியச் சட்டமே சொல்கிறது. ஆசிரியர் வேலை பார்க்கக் கூடாது என்று கையைக் கட்டிவிட்டு, பழியை மட்டும் அவர்கள் மேல் போடுவது நியாயமில்லை அல்லவா? அந்தப் பழி யாருக்கு வரும்? நிகழ்ச்சி கொடுக்கும்போது ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். “இதில் உள்ள அனைத்துக்கும் நானே பொறுப்பு” என்று அதில் இருக்கும். அந்தக் கையெழுத்து வெறும் சடங்கில்லை.

மேயரைத் திட்டலாமா? தாராளமாக. கவுன்சிலரின் முடிவை முட்டாள்தனம் என்று சொல்லலாம், அது கருத்து. “அவர் ஒப்பந்தக்காரரிடம் பணம் வாங்கினார்” என்றால் அது தகவல், கையில் ஆதாரம் வேண்டும். 1964இல் நியூயார்க் டைம்ஸ் – சல்லிவன் வழக்கில் வந்த தீர்ப்பு, அரசுப் பதவியில் இருப்பவர்கள் விஷயத்தில் நமக்கு நிறைய இடம் தருகிறது: பொய் என்று தெரிந்தோ, உண்மையா பொய்யா என்று துளியும் கவலைப்படாமலோ சொன்னதை அவர்கள் நிரூபித்தால்தான் வழக்கு நிற்கும். பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தில் அந்த அளவு இடம் கிடையாது. அதனால் சொந்தச் சண்டையை ஸ்டூடியோவுக்குக் கொண்டுவர வேண்டாம்.

அப்புறம் பதிப்புரிமை. தமிழ் நிகழ்ச்சிகள் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான். தொடக்கத்தில் ஒரு சினிமாப் பாட்டு, நடுவில் ஒரு காமெடி க்ளிப் என்று நமக்குக் கை பழகிவிட்டது. எவ்வளவு சின்னத் துண்டானாலும் உரிமை வேறொருவருடையது. பாரதியார் பாட்டு போடலாமே என்பார்கள். பாட்டின் வரிகள் பொதுச் சொத்து, உண்மைதான். ஒரு பாடகர் பாடி ஒரு கம்பெனி வெளியிட்ட பதிவு பொதுச் சொத்து இல்லை. எங்கள் தெருவில் பாட்டு கற்கும் ஒரு பெண்ணை வைத்து, தம்புராவோடு எட்டு வரி பாடவைத்துப் பதிவு செய்தேன். இன்றுவரை அதுதான் எங்கள் முகப்புப் பாட்டு. சொந்தக் குரல் என்பதால் பார்ப்பவர்களுக்கும் பிடித்திருக்கிறது. நிகழ்ச்சியில் முகம் காட்டுகிறவர்களிடமும் ஒப்புதல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். சிறுவர் என்றால் பெற்றோரிடம்.

வன்முறையைத் தூண்டும் பேச்சுக்கு எல்லை எது? 1969இல் பிராண்டன்பர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: உடனடியாகச் சட்டவிரோதச் செயலைத் தூண்ட வேண்டும் என்ற நோக்கமும், அது நடக்கும் வாய்ப்பும் இருந்தால்தான் தண்டிக்கலாம். குறிப்பிட்ட ஒருவரை உண்மையாகவே மிரட்டுவதும் பாதுகாப்பில் வராது.

படி 4: பிடிக்காத நிகழ்ச்சியோடு ஒரே சேனலில் இருக்கப் பழகுங்கள்

இந்தச் சேனலில் இருக்கப் போகிறீர்கள் என்றால் கான்சஸ் சிட்டியில் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். கூ க்ளக்ஸ் க்ளான் அமைப்பினர் அங்கே பப்ளிக் ஆக்சஸில் நிகழ்ச்சி போடக் கேட்டார்கள். கறுப்பின மக்களைக் கொன்று பயமுறுத்திய வரலாறு உள்ள கூட்டம். ஊர் கொதித்ததில் வியப்பில்லை. அவர்களை மட்டும் தடுக்கச் சட்டத்தில் வழி இல்லாததால், 1988இல் நகர மன்றம் பொதுச் சேனலையே ஒழிக்கும்படி ஓட்டுப் போட்டது. வழக்கு போனது. 1989இல் மத்திய நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்ய மறுத்தது. நகரம் பின்வாங்கிச் சேனலைத் திரும்பக் கொண்டுவந்தது.

முதலில் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. வெறுப்பைக் கக்குகிறவர்களுக்கா இந்த வெற்றி என்று. பிறகு யோசித்தேன். அந்த ஓட்டால் பின்னல் சொல்லித் தரும் பாட்டியின் நிகழ்ச்சியும் போயிருக்கும், பாடகர் குழுவும் போயிருக்கும், என்னைப் போல வேற்று மொழி பேசுகிறவனின் அரை மணி நேரமும் போயிருக்கும். ஊரில் பெரும்பாலோருக்குப் புரியாத மொழியில் நான் பேசுகிறேன். “என்ன சொல்கிறார்களோ, நிறுத்துங்கள்” என்று யாராவது கடிதம் போட்டால் என்னைக் காப்பாற்றுவதும் அதே விதிதான்.

அதற்காக அப்படிப்பட்ட நிகழ்ச்சியைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அடுத்த ஸ்லாட்டுக்கு விண்ணப்பம் போடுங்கள். அவர்கள் சொன்ன பொய்யை எடுத்து, பெயர் சொல்லி, ஆதாரத்தோடு பதில் கொடுங்கள்.

படி 5: விதி நியாயமானதா என்று சோதித்துப் பாருங்கள்

மையத்தின் ஒவ்வொரு விதியிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று பார்க்கிறதா, என்ன கருத்துச் சொல்கிறீர்கள் என்று பார்க்கிறதா? முதலில் வந்தவருக்கு முதல் ஸ்லாட், கோப்பு இந்த ஃபார்மட்டில் வேண்டும், வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் என்பதெல்லாம் சரி, எல்லாருக்கும் ஒன்றுதான். “மையத்தையோ நகராட்சியையோ குறை சொல்லும் நிகழ்ச்சிக்கு இடமில்லை” என்றால் உடனே எழுத்தில் கேளுங்கள்.

இங்கே ஒரு பெரிய திருப்பம் 2019இல் வந்தது. மன்ஹாட்டனின் பொதுச் சேனல்களை நடத்தும் லாபநோக்கற்ற அமைப்பையே விமர்சித்து இரண்டு தயாரிப்பாளர்கள் ஒரு படம் எடுத்தார்கள். அது ஒளிபரப்பானது, புகார்கள் வந்தன, இருவரும் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். ஹாலெக் வழக்கு என்று அது உச்ச நீதிமன்றம் வரை போனது. ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வந்த தீர்ப்பு: நகரம் நியமித்திருந்தாலும் அது தனியார் அமைப்பு, அரசு அல்ல, பேச்சுச் சுதந்திரத்தைக் காக்கும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும். நகரத்தின் வேலையை நகரத்துக்குப் பதிலாகச் செய்பவர் நகரத்தின் கடமையையும் சேர்த்துத்தான் சுமக்க வேண்டும் என்று மாறுபட்ட நால்வரும் சொன்னார்கள். என் மனம் அந்த நால்வரின் பக்கம்தான். ஆனால் நடைமுறையில் இருப்பது ஐவரின் தீர்ப்பு.

இதனால் உங்களுக்கு வரும் வேலை இது. உங்கள் சேனலை நகராட்சியே நடத்துகிறதா, தனி அமைப்பு நடத்துகிறதா என்று கேளுங்கள். தனி அமைப்பு என்றால் முதல் திருத்தத்தை மட்டும் நம்பி இருக்காதீர்கள். மாநில விதிகளைப் பாருங்கள். உதாரணமாக நியூயார்க்கில், வந்த வரிசைப்படி, பாரபட்சம் இல்லாமல் இடம் தர வேண்டும் என்று மாநில விதியே இருக்கிறது. நகராட்சிக்கும் மையத்துக்கும் உள்ள ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

படி 6: கொடுத்த பிறகு

கோப்போடு சேர்த்து மூல வீடியோ, ஒப்புதல் படிவங்கள், ஆதாரங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வையுங்கள். குறைந்தது இரண்டு வருடத்துக்கு அழிக்க வேண்டாம். புகார் வந்தால் போனில் பேசி முடிக்காதீர்கள். எந்த எபிசோட், எந்த நிமிடம், கையேட்டின் எந்த விதி என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். தோசை விலை விவகாரத்தில் நான் கேட்டபோது அன்றே பதில் வந்தது, விதியும் தெளிவாக இருந்தது, அந்த இருபது விநாடியை வெட்டிவிட்டுத் திரும்பக் கொடுத்தேன். பதிலில் விதியின் எண் இல்லாமல் “பலருக்குப் பிடிக்கவில்லை” என்று மட்டும் இருந்தால், கையேட்டின் கடைசிப் பகுதியைத் திறந்து, மேல்முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று பார்த்து, அன்றைக்கே எழுதத் தொடங்குங்கள்.