வீடியோவில் கியூஆர் போடும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆத்தங்குடியில் தரைக் கல் (டைல்ஸ்) வார்க்கும் ஒரு பட்டறை. அங்கே வேலை செய்யும் ஓர் அண்ணன் கண்ணாடியைத் துணியால் துடைத்து, சுற்றிலும் இரும்புச் சட்டத்தை மாட்டி, உள்ளே பூ அச்சை இறக்கினார். கலர் சிமெண்டைச் சின்னக் கரண்டியில் மொண்டு ஒவ்வொரு கட்டமாக ஊற்றினார். சிவப்பு, மஞ்சள், பச்சை. பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சை நேராக மேலே தூக்கினார். ஒரு கலர் இன்னொன்றுக்குள் ஓடவில்லை. அதன்மேல் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, ஈரக் கலவையைப் போட்டுக் கரணையால் தேய்த்து மட்டம் பார்த்தார். என் யூடியூப் சேனலுக்காக அவர் கைகளை மட்டும் 11 நிமிஷம் எடுத்தேன். அந்த வீடியோவின் கடைசியில், பணம் அனுப்ப ஸ்கேன் செய்யும் என்னுடைய கியூஆர் படத்தை வைத்து, "பிடிச்சிருந்தா உங்களால முடிஞ்சத அனுப்புங்க" என்று பேசி முடித்தேன்.

மூன்று நாளில் 18,400 ரூபாய் வந்தது. நாலாம் நாள் மலேசியாவிலிருந்து ஒரு பெரியவர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார். "தம்பி, ஊர்ல இருக்குற என் தங்கச்சி மூலமா 2,000 ரூபா போட்டிருக்கேன். அந்தக் கல்லு ஊத்துற தம்பி கையில சேத்துடுங்க."

எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. நான் கேட்டது ஒரு நல்ல மைக் வாங்க. ஆனால் அதை நான் எங்கேயும் சொல்லவில்லை. பார்த்தவர்கள் அந்தக் கைகளைப் பார்த்தார்கள், உடனே கியூஆரைப் பார்த்தார்கள், இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டார்கள். யார் எனக்காக அனுப்பினார்கள், யார் அவருக்காக அனுப்பினார்கள் என்று பிரித்துப் பார்க்க முடியுமா? பணத்தோடு ஒரு வரி எழுதி அனுப்பியவர்கள் ஏழெட்டுப் பேர்தான். மற்றதெல்லாம் வெறும் தொகை.

முழுப் பணத்தையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அண்ணன் வாங்கவில்லை. "நான் கேக்கலையே தம்பி. நான் கூலி வாங்குறவன், தர்மம் வாங்குறவனில்ல. அன்னைக்கு உன் வீடியோவால எனக்கு அரை நாள் வேலை கெட்டுச்சு, அந்தக் கூலியக் கொடு, போதும்" என்றார். கொடுத்தேன். சேனலில் நடந்ததை அப்படியே எழுதி, திருப்பி வேண்டுபவர்கள் ஒரு வாரத்துக்குள் சொல்லலாம் என்றேன். கேட்டவர்களுக்குத் திருப்பி அனுப்பினேன். மலேசியப் பெரியவரின் பணம் அவர் தங்கச்சியிடமே போய்ச் சேர்ந்தது.

வீடியோ போடுபவர்கள் பார்வையாளரிடம் பணம் கேட்கலாமா என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பட்டறைதான் நினைவுக்கு வருகிறது. கேட்கலாம் என்பதே என் பதில். யூடியூபில் விளம்பரப் பங்கு வருவதற்கே 1,000 சந்தாதாரரும் ஒரு வருஷத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். (ஷார்ட்ஸ் என்ற குட்டி வீடியோ வழியாகப் போனால் 90 நாளில் 1 கோடிப் பார்வை.) அதைத் தாண்டினாலும் நீள வீடியோவின் விளம்பர வருமானத்தில் நமக்கு 55 சதவீதம், ஷார்ட்ஸில் 45. கானாடுகாத்தான் வீட்டு முகப்புத் தூணைப் பற்றியோ கொட்டான் என்ற ஓலைக்கூடை பின்னும் ஆத்தாவைப் பற்றியோ பொறுமையாக எடுத்த வீடியோவைச் சில ஆயிரம் பேர்தான் பார்ப்பார்கள். அந்த விளம்பரக் காசு பெட்ரோலுக்குக் கூடக் காணாது.

பலர் சேர்ந்து ஒரு காரியத்தைத் தாங்குவதும் எங்கள் செட்டிநாட்டு மண்ணுக்குப் புதிதில்லை. இங்கத்திய வணிகச் சமூகமான நகரத்தாரிடம், கல்யாணமானதும் தம்பதியைக் கோயில் கணக்கில் ஒரு புள்ளியாகச் சேர்ப்பதும், புள்ளிக்கு இவ்வளவு என்று வரி கொடுப்பதும் உண்டு. கொண்டு விற்கப் போன ஊர்களிலெல்லாம் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று தனியாக ஒதுக்கினார்கள். காசியிலும் ராமேஸ்வரத்திலும் நகர விடுதிகள் நிற்பது இப்படிப் பொதுவில் சேர்ந்த பணத்தால்தான். அங்கே எதற்கு வசூல் என்பது முதலிலேயே தெரியும், கணக்கு தனி ஏட்டில் இருக்கும். நம் வீடியோ உலகத்தில் இந்த இரண்டும்தான் காணாமல் போகிறது.

ஆகவே முதல் தவறு, நான் செய்ததுதான்: அடுத்தவர் உழைப்பையோ கஷ்டத்தையோ காட்டிவிட்டு, அதன் கீழே நம் கணக்கு எண்ணைப் போடுவது. மனசில் கள்ளம் இல்லாவிட்டாலும் பார்ப்பவருக்குத் தப்பான அர்த்தம்தான் போகும். படத்தில் இருப்பவருக்கு உதவி போக வேண்டும் என்றால், அவரிடம் சம்மதம் கேட்டு, அவருடைய எண்ணையே போடுங்கள். நடுவில் நாம் வேண்டாம். நமக்காகக் கேட்கிறோம் என்றால் அந்த வீடியோவில் கேட்காதீர்கள். நாமே பேசுகிற தனி வீடியோவில், எதற்கு, எவ்வளவு, எதுவரை என்று சொல்லிக் கேளுங்கள். மைக்குக்கு 9,000 என்றால் 9,000 சேர்ந்ததும் கியூஆரை எடுத்துவிட வேண்டும். இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. தொகை சேர்ந்த பிறகும் படம் அப்படியே கிடக்கும், பணமும் வந்துகொண்டே இருக்கும்.

அடுத்தது, மிரட்டிக் கேட்பது. "நீங்க கைகொடுக்கலேன்னா அடுத்த மாசம் சேனல மூடிடுவேன்" என்று கண்ணீரோடு ஒரு வீடியோ. ஒரு தடவை பலிக்கும். அனுப்புபவர்களில் பலர் நம்மைவிட வசதி குறைந்தவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தேவகோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் பூக்கட்டும் ஓர் அக்கா, வாராவாரம் 50 ரூபாய் போட்டுக்கொண்டிருந்தது எனக்கு ஆறு மாசம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து, "வீட்டுச் செலவுக்கு இருக்குற காசுல அனுப்பாதீங்க, பிள்ளைங்க அப்பா அம்மா போன்லேருந்து அனுப்பாதீங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன்.

மொய் மாதிரி ஆக்கிவிடுவது இன்னொன்று. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்து ஆட்களுக்கு இது சுலபமாக வரும். ஆலங்குடி, கீரமங்கலம், பேராவூரணி பக்கம் ஆடி மாசம் மொய் விருந்து நடப்பது தெரிந்ததுதான். அங்கே யார் எவ்வளவு செய்தார் என்று நோட்டில் ஏறும், முறை வரும்போது கூடப்போட்டுத் திருப்பிச் செய்ய வேண்டும். மொய் என்பது கடன். அது அந்த ஏற்பாட்டுக்குள் நியாயமானது. நேரலையில் சூப்பர் சாட் (பணம் கட்டி அனுப்பும் செய்தி) அனுப்பியவர் பெயரையும் தொகையையும் உரக்க வாசித்து, 1,000 போட்டவருக்கு ஒரு நிமிஷம், 40 போட்டவருக்கு ஒரு தலையாட்டல் என்று நடத்தினால், அனுப்புகிறவரும் மொய்க் கணக்கில்தான் வைப்பார். நாளைக்கு அவர் கடைத் திறப்பு விழாவுக்கு நாம் கேமராவோடு போய் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார். எதிர்பார்ப்பதில் தப்பும் இல்லை, அப்படி நாம்தான் பழக்கினோம். நான் இப்போது பெயர்களை அகர வரிசையில், தொகை சொல்லாமல், மாசம் ஒரு முறை மட்டும் போடுகிறேன். பெயர் வேண்டாம் என்பவர்களை விட்டுவிடுகிறேன்.

ஒரே பெரிய கையை நம்புவதும் இதன் தொடர்ச்சிதான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வந்தது, 1953இல் திறந்தார்கள். அந்த நினைப்பில் நம் ஊரில் பலரும் ஒரு வள்ளலுக்குக் காத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சேனலை ஒரே ஆள் தாங்கினால் என்ன ஆகும் என்று நான் பார்த்துவிட்டேன். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு இடித்த வீடுகளின் தேக்குத் தூணும் நிலைக்கதவும் எப்படி வந்து சேர்கின்றன என்று ஒரு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முந்தைய மாசம் 25,000 ரூபாய் கொடுத்த ஒருவர் கூப்பிட்டு, "அது இப்ப வேணாமே, பங்காளிகளுக்குள்ள பேச்சாகும்" என்றார். அவர் கேட்ட விதம் மரியாதையாகத்தான் இருந்தது. பணத்தைத் திருப்பி அனுப்ப எனக்கு இரண்டு மாசம் ஆனது. வீடியோ அதன்பிறகுதான் வந்தது. இப்போது ஒருவரிடம் மாசம் 500 ரூபாய்க்கு மேல் வாங்குவதில்லை.

செய்ய முடியாததைச் சொல்லி உறுப்பினர் சேர்ப்பதையும் தவிர்க்க வேண்டும். "உறுப்பினருக்கு மாசம் நாலு சிறப்பு வீடியோ" என்று எழுதிவிடுகிறார்கள். தை, மாசியில் கல்யாண வேலை வந்தால், உடம்புக்கு முடியாமல் போனால், நாலு ஒன்றாகும். ஒன்று மட்டும் சொல்லுங்கள், இரண்டு கொடுங்கள்.

பணம் வரும் வழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சூப்பர் சாட், சூப்பர் தேங்க்ஸ், உறுப்பினர் கட்டணம் எல்லாவற்றிலும் யூடியூப் 30 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 100 ரூபாய் அனுப்பினால் நமக்கு 70. பார்ப்பவர்கள் பலருக்கு இது தெரியாது, சொல்லிவிடுவது முறை. யூபிஐயில் முழுசாக வரும். ஆனால் போன் நம்பரே ஐடியாக இருந்தால் நம் நம்பர் ஊருக்கே தெரிந்துவிடும். வேறு பெயரில் ஐடி வைத்து, அதைத் தனி வங்கிக் கணக்கோடு சேருங்கள். வீட்டுச் செலவுக் கணக்கில் இந்தப் பணம் கலந்தால் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. நம் வீடியோவை எடுத்துத் தங்கள் கியூஆரை ஒட்டிப் போடும் திருடர்களும் இருக்கிறார்கள். ஐடியைச் சேனலின் அறிமுகப் பக்கத்தில் ஒரே இடத்தில் வைத்து, "இது தவிர வேறெதுவும் எங்களுடையதில்லை" என்று எழுதுங்கள். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் போடச் சொன்னால் அது மோசடி என்பது நமக்கும் நினைவில் இருக்க வேண்டும்.

அன்பளிப்புக்கு வரி இல்லை என்று நம்புவது ரொம்பப் பேர் செய்யும் தவறு. உறவினரல்லாதவர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் வரும் பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால் முழுத்தொகையும் வரிக்கு உட்படும். சேனல் நடத்தித் தொடர்ந்து கேட்டு வாங்கும்போது அதைத் தொழில் வருமானமாகவே பார்க்க இடமுண்டு, அப்போது அந்த 50,000 சலுகையை நம்ப முடியாது. ஆடிட்டரை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சேவைத் தொழிலில் வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவும் வரும். "எங்களுக்குக் கொடுத்தால் 80ஜி வரிவிலக்கு உண்டு" என்று தனிஆள் சொல்லவே கூடாது. நன்கொடை கொடுத்தவருக்கு வரி குறையும் அந்தச் சலுகை பதிவு பெற்ற அறக்கட்டளைகளுக்கு உரியது.

வெளிநாட்டுப் பணம் நம் பக்கத்துக்கு மிக முக்கியம், ஏனென்றால் செட்டிநாட்டு வீடியோவைப் பார்ப்பவர்களில் பலர் கடல் கடந்து இருக்கிறார்கள். 2010ஆம் வருஷத்து வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி, மின்னணு வழியில் செய்தி, நடப்பு நிகழ்ச்சி தயாரிக்கும் நிறுவனங்களும், அவற்றின் உரிமையாளர், செய்தியாளர்களும் வெளிநாட்டு நன்கொடை வாங்கக் கூடாது. பண்பாடு, கல்வி, சமயப் பணி என்று கேட்பவர்களுக்குப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். இந்தியக் குடிமகனாகவே வெளிநாட்டில் இருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது இதில் வராது. மலேசியக் குடியுரிமை வாங்கிய நம் சித்தப்பா அனுப்பினால் கதை வேறு. ஊர் பற்றிய செய்தி போடும் சேனல்காரர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்திலும் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் இதைக் கேள்விப்பட்டிருப்பார்கள் என்பதுதான் என் கவலை. அந்தப் பெரியவரின் 2,000 வந்தபோது எனக்கும் தெரியாது.

இனி கணக்கு. மாசம் 5ஆம் தேதிக்குள் ஒரு தாளில் எழுதிப் படம் பிடித்துப் போடுகிறேன். வரவு இவ்வளவு, பெட்ரோல், எடிட்டிங் தம்பி சம்பளம், மெமரி கார்டு, மீதி. வீடியோவில் இருந்தவருக்குக் கொடுத்த கூலியும் அதில் ஒரு வரி. முதல் தாளைப் போட்டபோது 300 பேர்கூடப் பார்க்கவில்லை. ஆத்தங்குடி அண்ணன் பார்த்திருக்கிறார். போன் பண்ணி, "அரை நாள் கூலின்னு போட்டிருக்கியே தம்பி, கல்லு வேலைன்னும் சேத்து எழுது" என்றார். எழுதினேன்.