ஒரு பானை பீன்ஸ், மூன்று இரவு உணவுகள்

வேலை நாள் மாலையில் அடுப்பருகே நெடுநேரம் நிற்க இயலாதவர்கள், மெக்சிகோ வீடுகளின் வழக்கப்படி, ஞாயிறன்றே அரை கிலோ கறுப்பு பீன்ஸ் பயறை வெங்காயம், பூண்டுடன் குழைய வேகவைத்து, வெந்த நீருடனேயே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடலாம். முதல் நாள் அதைச் சூடாக்கிச் சாறோடு கிண்ணத்தில் ஊற்றி, சோள மாவில் சுட்ட மெல்லிய ரொட்டியான டோர்ட்டியாவுடன் பரிமாறினால் போதும். மறுநாள் தெற்கு மெக்சிகோவின் வஹாக்கா பகுதியில் பெயர்பெற்ற என்ஃப்ரிஹொலாதாஸ் செய்யலாம்: இரண்டு கிண்ணம் பீன்ஸை மிக்ஸியில் அரைத்து, கரண்டியின் முதுகில் படியும் பதத்துக்குக் கொதிக்கவிட்டு, எண்ணெயில் சில நொடிகள் வாட்டிய டோர்ட்டியாக்களை அதில் தோய்த்து மடித்து, உதிர்த்த பாலாடைக்கட்டியும் நறுக்கிய வெங்காயமும் தூவ வேண்டும். வாட்டாமல் தோய்த்தால் டோர்ட்டியா கூழாகிவிடும். அவசரத்தில் பலரும் தவறுவது இங்கேதான். மிஞ்சியதை மசித்து வதக்கினால், மூன்றாம் நாள் கேசடியாவுக்கு, அதாவது பாலாடைக்கட்டி வைத்து மடித்துச் சுடும் டோர்ட்டியாவுக்கு, பூரணம் தயார்.