பழைய லென்ஸைப் புதுக் கமராவில் பூட்டுவதற்கு முன்

வீட்டு அலுமாரியில் அப்பா காலத்து பிலிம் கமரா கிடந்தால், அதன் லென்ஸைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மாமாவிடமிருந்து எனக்குக் கிடைத்த சூப்பர் தக்குமார் 55 மிமீ லென்ஸ்தான் இப்போது என் சோனி கமராவில் எந்நேரமும் இருக்கிறது.

முதலில் ரோச் லைட்டை லென்ஸின் ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய நூல்கள் தெரிந்தால் அது பூஞ்சணம். எங்கள் யாழ்ப்பாணத்து மாரி ஈரத்துக்கு அது சட்டென்று பிடிக்கும்.

என் தக்குமார் லென்ஸின் பூட்டு எம்42 வகை, அதாவது 42 மிமீ திருகு மரை. அது சென்சரிலிருந்து 45.46 மிமீ தள்ளி நிற்க வேண்டும். சோனியின் ஈ மவுண்டில் (மவுண்ட் என்பது கமராவில் லென்ஸ் பூட்டும் இடம்) அந்தத் தூரம் 18 மிமீதான். மிச்சம் 27.5 மிமீ அளவை அடப்டர், அதாவது இரண்டுக்கும் இடையில் பூட்டும் வளையம், நிரப்புகிறது; அதற்குள்ளே லென்ஸ் கண்ணாடி தேவையில்லை. நிக்கோனின் பழைய எஃப் மவுண்டில் தூரம் 46.5 மிமீ, லென்ஸுக்கு வேண்டியதைவிடக் கூட. அதனால் கண்ணாடி இல்லாத அடப்டரில் தொலைவிலுள்ளவை தெளிவாகத் தெரியாது.

பூட்டியதும் மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்பதை இயக்குங்கள், இல்லாவிட்டால் கமரா படம் எடுக்காது. லென்ஸின் பக்கத்திலுள்ள சின்ன ஆளியை 'எம்' பக்கம் தள்ளினால்தான் ஒளி நுழையும் துவாரம் சுருங்கும்.

சரி, அடப்டர் தடிப்பு சரியா? பண்ணைப் பாலத்தில் நின்று கடலுக்கு அப்பால் மண்டைதீவுக் கரையைப் பாருங்கள். லென்ஸின் குவிய வளையத்தை முடிவிலிக் குறிவரை (∞) திருப்பியும் கரை மங்கலாகவே இருந்தால் அடப்டர் தடிப்பு கூட; வேறொன்று மாற்றுங்கள்.