டிராக் டே படமெடுப்பு: முன்கூட்டியே முடிக்க வேண்டியவை

டிராக் டே என்பது ரேஸ் டிராக்கில் அவரவர் வண்டியை ஓட்டிப் பார்க்கும் நாள். சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டை டிராக்கின் ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ. ஒரே ஆளால் முழுவதையும் படமெடுக்க முடியாது. இரண்டு பேராவது வேண்டும்: ஒருவர் மெதுவான வளைவின் உட்புறம், இன்னொருவர் பிட் லேனில் (வண்டிகள் நின்று கிளம்பும் பக்கப் பாதை). வளைவின் வெளிப்புறம் கூடவே கூடாது. பிடி தவறும் வண்டி அங்கேதான் பாயும். நிற்கும் இடங்களை முந்தின நாளே கிளார்க் ஆஃப் தி கோர்ஸிடம் (டிராக்கில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரி) காட்டி ஒப்புதல் வாங்குங்கள். பளிச்சென்ற வெஸ்ட் கட்டாயம். மஞ்சளும் சிவப்பும் வேண்டாம், டிராக் ஓரம் நிற்கும் மார்ஷல்கள் காட்டும் எச்சரிக்கைக் கொடியோடு குழம்பும்.

பெரும்பாலும் சொதப்புவது வண்டியில் ஒட்டும் எண்தான். இரண்டு குழுக்களில் ஒரே 27 இருந்தால், மாலையில் எந்தப் படம் யாருடையது என்று பிரிப்பதற்குள் உயிர் போய்விடும். பதிவின்போதே ஆளுக்கொரு எண் கொடுங்கள். கறுப்பு வண்டியில் வெள்ளை ஸ்டிக்கர், இருபுறமும், முன்னாலும். கேமராக்களின் கடிகாரத்தை நொடி பிசகாமல் ஒன்றாக வையுங்கள். ஒவ்வொரு குழுவும் ஓட்டும் செஷன் நேரத்தை வைத்தே படங்களைப் பிரித்துவிடலாம்.

பக்கவாட்டில் பேனிங்குக்கு (வண்டியோடு கேமராவையும் திருப்பி எடுப்பது) ஷட்டர் வேகம் 1/125 நொடி. பழகாதவர் 1/250-இல் தொடங்கட்டும். நேரெதிரே வரும் வண்டிக்கு 1/1000. அதற்கு மேல் போனால் சக்கரம் உறைந்து, நிறுத்தி வைத்த வண்டி போலிருக்கும். வேலிக்குப் பின்னால் நின்றால் லென்ஸைக் கம்பியோடு ஒட்டி, அப்பர்ச்சரை (லென்ஸில் ஒளி நுழையும் துளை) முழுதாகத் திறந்தால் கம்பி மறைந்துவிடும்.

வெயில் ஏறினால் தாரிலிருந்து எழும் கானல் தூரத்துப் படத்தைக் கலக்கிவிடும். தூரத்திலிருந்து எடுக்கும் டெலி ஷாட்களைக் காலை முதல் செஷனிலேயே முடியுங்கள்.