4 ஜிபியில் நின்றுபோன டவுன்லோடு

ஆறு வருடப் படங்களும் வீடியோக்களும் ஒரு செயலியில் கிடந்தன; பாட்டி பேசும் ஒரே வீடியோவும் அதில்தான். மொத்தமாக எடுக்கக் கேட்டேன்; எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டிய ஜிப்பை இறக்க லிங்க் வந்தது. மூன்று முறையும் 4 ஜிபி வந்ததும் நின்றுவிட்டது. நெட்டைத்தான் சந்தேகப்பட்டேன். அப்புறம் பார்த்தால், சேமித்த பென்டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருந்தது. எவ்வளவு காலியிடம் இருந்தாலும் 4 ஜிபியைத் தாண்டிய ஒற்றைக் கோப்பை அது ஏற்காது.

உள்ளே இருந்ததை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு பெரிய கோப்பையும் ஏற்கும் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்தேன். அதற்குள் லிங்க் காலாவதி. சரி, மறுபடி கேட்டு எடுத்தேன், முழுதாக வந்தது. கோப்புகளில் தேதி மட்டும் இறக்கிய நாளைக் காட்டியது. படமெடுத்த தேதி கூடவே வந்த ஜேசான் (.json) என்ற சிறு விவரக் கோப்பில் இருக்கிறது, அதை அழித்துவிடாதீர்கள். பாட்டியின் வீடியோவைக் கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்த பிறகுதான் செயலியில் இருந்ததை நீக்கினேன்.