உப்புவெளியில் பழைய டீசல் காரின் உச்ச வேகத்தைக் கணிக்கும் முறை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள போன்வில் உப்புவெளி ஏறத்தாழ 1,280 மீட்டர் உயரத்தில் இருப்பதால், 30 டிகிரி வெயிலில் அங்குள்ள காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத எஞ்சினின் திறனும் காற்றுத் தடையும் ஏறக்குறைய அதே அளவு குறைவதால், இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்; குறையாமல் நிற்பது சக்கரங்களின் உருளல் தடைதான், பலரின் கணக்கு பிசகுவதும் இங்கேதான்.

72 குதிரைத்திறன் கொண்ட மெர்சிடிஸ் 240டி என்ற பழைய டீசல் கார், தார்ச்சாலையில் மணிக்கு 143 கி.மீ. எட்டும். அப்போது காற்றுத் தடை 870 நியூட்டன், உருளல் தடை 170 நியூட்டன் எனக் கொண்டால், சக்கரத்துக்கு வந்து சேரும் திறன் 41 கிலோவாட். உப்புவெளியில் அது 33 ஆகிவிடும். காற்றுத் தடையை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து (அது வேகத்தின் வர்க்கத்துக்கேற்ப மாறும்), உப்புத் தரை தாரைவிட மென்மையானது என்பதால் உருளல் தடையை இருமடங்காக்கி, மொத்தத் தடையை வேகத்தால் (நொடிக்கு மீட்டரில்) பெருக்கினால் 33 கிலோவாட் வரும் புள்ளியைத் தேடுங்கள்: சுமார் 130 கி.மீ. கிடைக்கும். ஓட்டத்துக்கு முன் உப்பைக் குதிகாலால் அழுத்திப் பாருங்கள். கால் புதைந்தால் உருளல் தடையை இன்னும் கூட்டிக் கணக்கிட வேண்டும்.