செகண்ட் ஹேண்ட் ஹைபிரிட் கார் வாங்கப் போறீங்களா? பேட்டரியை மட்டும் பார்த்தால் போதாது

பெட்ரோல் இன்ஜினோடு மின்சார மோட்டாரும் பெரிய பேட்டரியும் சேர்ந்த பழைய ஹைபிரிட் வண்டி ஒன்றை வாங்கப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள், "பேட்டரி போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" என்றுதான் உடனே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த ஒரு பயத்திலேயே நின்றுவிடுவதால் வண்டியின் மற்ற பாகங்களை யாரும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை, கடைசியில் பேட்டரி நன்றாக இருக்கும், ஹெட் காஸ்கெட்டோ (இன்ஜினின் மேல்பாகம் கசியாமல் மூடியிருக்க நடுவில் வைக்கும் தகடு) பிரேக் யூனிட்டோ பர்ஸைக் காலி செய்துவிடும். அதனால் பேட்டரி ஒருநாள் போகத்தான் போகும் என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்கும் மாடலுக்குப் புது பேட்டரி, மாற்றும் கூலியோடு எவ்வளவு ஆகும் என்று வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே விசாரித்து வையுங்கள். அந்தத் தொகையைச் சேர்த்தாலும் கட்டுப்படியாகிறது என்றால் போய்ப் பாருங்கள், இல்லையென்றால் சாதாரண பெட்ரோல் வண்டியே மேல்.

அப்புறம், விளம்பரத்தில் ஹைபிரிட் என்று போட்டிருப்பதெல்லாம் ஒரே ரகம் இல்லை. மைல்டு ஹைபிரிட் என்பதில் சின்ன மோட்டார் இன்ஜினுக்குக் கொஞ்சம் கைகொடுக்கும், அவ்வளவுதான். மோட்டாரை மட்டும் வைத்து வண்டி நகராது, மைலேஜில் பெரிய வித்தியாசமும் இருக்காது. டொயோட்டா பிரியஸ் போன்ற முழு ஹைபிரிட்டில் இன்ஜின் அணைந்திருக்கும்போதே வண்டி ஓடும், பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்பும். பிளக்-இன் ஹைபிரிட்டை வெளியிலிருந்தும் சார்ஜ் செய்யலாம், அதை வாங்கினால் சார்ஜிங் கேபிள் கூடவே வருகிறதா என்று கேளுங்கள், பலர் மறந்துவிடுகிறார்கள். நின்று நின்று போகும் ஊர்ப் போக்குவரத்தில்தான் ஹைபிரிட் காசை மிச்சப்படுத்தும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது பிரேக்கே பிடிக்காததால் திரும்பக் கிடைக்கும் மின்சாரமும் குறைவு, எனவே உங்கள் ஓட்டம் பெரும்பாலும் அப்படித்தான் என்றால் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் யோசியுங்கள்.

சரி, பேட்டரிக்கு வருவோம். 2003 முதல் 2015 வரை வந்த இரண்டாம், மூன்றாம் தலைமுறை பிரியஸ்களில் இருப்பது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி. மொத்தம் 28 மாட்யூல், ஒவ்வொன்றிலும் 1.2 வோல்ட் செல்கள் ஆறு, எல்லாம் சேர்ந்து 201.6 வோல்ட். 168 செல்லும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருப்பதால் ஒரு செல் படுத்தாலே மொத்த பேட்டரிக்கும் எச்சரிக்கை விளக்கு எரியும். இதைக் கெடுப்பது கிலோமீட்டரை விட வயதும் சூடும்தான். அதனால்தான் பத்து வருடத்தில் ரொம்பக் குறைவாக ஓடிய வண்டியைப் பார்த்தால் எனக்கு ஆசை வராது, சந்தேகம்தான் வரும். மாதக்கணக்கில் ஓரமாக நிற்கும் வண்டியின் பேட்டரி தானாகவே சார்ஜ் இறங்கி, செல்களுக்குள் ஏற்றத்தாழ்வு வந்து கெட்டுப்போகும். தினமும் ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றி, சர்வீஸ் ரெக்கார்ட் பக்காவாக இருக்கும் வண்டி இரண்டு மடங்கு ஓடியிருந்தாலும் நான் அதைத்தான் எடுப்பேன். பேட்டரிக்கு வாரண்டி மீதி இருக்கிறதா என்றும் பாருங்கள். 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. என்பது பல கம்பெனிகள் கொடுக்கும் கணக்கு, ஆனால் இரண்டாவது ஓனருக்கு அது செல்லுமா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வண்டியைப் பார்க்கக் காலையில் போங்கள், "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று ஓனரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் முதல் வேலையாக பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள், முடிந்தால் இன்னொரு நாள் வாருங்கள். இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம், குளிர்ந்த இன்ஜின் முதல் முறை எழும் அந்தச் சில நொடிகளில் தெரிவது அப்புறம் நாள் முழுக்கத் தெரியாது. வண்டி ஓடத் தயார் என்று காட்டும் ரெடி விளக்கு எரிந்து கொஞ்ச நேரத்தில் இன்ஜின் தானாக எழும். அப்போது வண்டியே உதறுகிற மாதிரி தடதடவென்று ஆடி, சில நொடியில் சரியாகிவிட்டால், ராத்திரி முழுக்க, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் மெதுவாக சிலிண்டருக்குள் கசிந்திருக்கலாம், அதாவது ஹெட் காஸ்கெட் போக ஆரம்பித்திருக்கலாம். 2009-2015 பிரியஸில் இது பெயர்போன தலைவலி. புகையின் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் இ.ஜி.ஆர். கூலர் கரி பிடித்து அடைத்துக்கொள்வதையும் இதற்கு ஒரு காரணமாகச் சொல்வார்கள். எனவே ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே கூலன்ட் டப்பாவில் அளவு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள், இ.ஜி.ஆர். எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கேளுங்கள். "அப்படின்னா என்ன?" என்று ஓனர் திருப்பிக் கேட்டால் அதுவே பதில்.

அடுத்து பிரேக். டிரைவர் பக்கக் கதவைத் திறந்ததுமே முன்னால் எங்கோ ஒரு பம்ப் "ர்ர்ர்" என்று ஓடும், பயப்பட வேண்டாம், பிரேக்குக்கு அழுத்தம் ஏற்றுகிறது. ஆனால் வண்டி சும்மா நிற்கும்போது, பெடலைத் தொடாமலேயே அந்தப் பம்ப் சில நொடிக்கு ஒருமுறை ஓடிக்கொண்டே இருந்தால் உள்ளே அழுத்தம் கசிகிறது என்று அர்த்தம். இந்த யூனிட்டை மாற்றுவது பேட்டரி மாற்றுவதற்கு நிகரான செலவு, யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

வண்டியின் கம்ப்யூட்டரை போனோடு இணைக்கும் ஓபிடி புளூடூத் அடாப்டர் ஒன்று வாங்கி போனில் ஸ்கேனர் செயலி போட்டுக்கொண்டு போனால் பாதி உண்மை வெளியே வந்துவிடும். பிரியஸுக்கென்றே டாக்டர் பிரியஸ் என்ற செயலி இருக்கிறது. நான் சொன்ன அந்த 28 மாட்யூலையும் வண்டி இரண்டிரண்டாகச் சேர்த்து 14 பிளாக்காகத்தான் அளக்கும். ஒரு பிளாக்கில் 12 செல். மேடு ஏறும்போது எல்லா பிளாக்கின் வோல்ட்டும் இறங்கும், இறக்கத்தில் பிரேக் பிடித்தால் எல்லாம் ஏறும், சேர்ந்தே ஏறி இறங்கினால் நல்லது. ஒன்று மட்டும் மேட்டில் எல்லாவற்றுக்கும் கீழே விழுந்து இறக்கத்தில் எல்லாவற்றுக்கும் மேலே போனால் அது சோர்ந்துவிட்டது. எந்நேரமும் மற்றவற்றைவிட 1 வோல்ட்டுக்கு மேல் தாழ்ந்தே நின்றால் அதில் ஒரு செல் செத்தேவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பேட்டரியை மாற்றச் சொல்லும் பிழைக் குறியீடு பி0ஏ80 (P0A80). விற்பவர் முதல்நாளே அதை அழித்துவிட்டு வண்டியைக் காட்டலாம், அப்படிச் செய்திருந்தால் வண்டி தனக்குத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று ஸ்கேனர் காட்டிக்கொடுத்துவிடும்.

ஸ்கேனர் இல்லையா? ஓட்டிப் பார்க்கும்போது டாஷ்போர்டில் பேட்டரி அளவைக் கவனியுங்கள். சில நிமிடத்துக்குள் நிறைந்து, உடனே காலியாகி, மறுபடி நிறைந்து என்று ஊஞ்சலாடினால் பேட்டரியில் சரக்கு இல்லை. சரிவான இடம் கிடைத்தால் ரிவர்ஸில் மேட்டில் ஏற்றிப் பாருங்கள். டொயோட்டா ஹைபிரிட்களில் பின்னால் போக மோட்டார் மட்டும்தான், இன்ஜின் உதவிக்கு வராது, அதனால் பலவீனம் அங்கே அப்பட்டமாகத் தெரியும்.

பின் சீட்டுக்குப் பக்கத்திலோ கீழேயோ ஒரு காற்றுத் துவாரம் இருக்கும். பேட்டரியைக் குளிர்விக்கும் ஃபேன் அதன் வழியாகத்தான் காற்றை இழுக்கிறது. ஒரு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். தூசியும் நாய் முடியும் நூல் பிசிறும் சேர்ந்து கம்பளி மாதிரி அப்பியிருந்தால், அந்த பேட்டரி வருடக்கணக்கில் மூச்சு முட்டிச் சூட்டிலேயே வெந்திருக்கிறது. ஏசி போட்டிருந்தும் பின்னாலிருந்து ஃபேன் சத்தம் பலமாகக் கேட்பதும் இதே கதைதான். கையோடு டிக்கியின் அடி விரிப்பையும் தூக்கி, சேறு, துரு, முடை நாற்றம் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளத்தில் நின்ற ஹைபிரிட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

கியர்பாக்ஸ் விஷயத்தில் டொயோட்டாவை நம்பலாம். பெல்ட், கிளட்ச், தனி ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் எதுவும் கிடையாது, இரண்டு மோட்டாரும் ஒரு கோள் பற்சக்கரத் தொகுதியும்தான், தேய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை. ஹோண்டாவின் பழைய ஐ.எம்.ஏ. முறை (இன்ஜினோடு ஒட்டிய ஒரு மோட்டார் அதற்குக் கைகொடுக்கும்) வேறு, 2006-2011 சிவிக் ஹைபிரிட்டின் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துபோவதற்குப் பேர் எடுத்தது, புது பேட்டரி போட்ட ரசீது இல்லாமல் அதை எடுக்காதீர்கள்.

இன்னொரு பேட்டரி இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அதுதான் சாதாரண 12 வோல்ட் பேட்டரி. இன்ஜினைச் சுழற்றும் வேலை இதற்கு இல்லை, கம்ப்யூட்டர்களை எழுப்புவது மட்டும்தான். இது தளர்ந்தால் டாஷ்போர்டில் எல்லா விளக்கும் திருவிழா போல எரியும், வண்டி ரெடிக்கே வராது. பெரிய பேட்டரி போய்விட்டது என்று பயந்து அடிமாட்டு விலைக்கு வண்டியைத் தள்ளிவிடுபவர்களும் உண்டு, உங்களுக்கு அது அதிர்ஷ்டம்.

வாங்கியாச்சு. முதல் வேலை, பேட்டரி ஃபேன் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். இன்ஜின் ஆயிலை உடனே மாற்றி, கையேட்டில் சொன்ன அதே கிரேடைப் போடுங்கள். கூலன்ட் இரண்டு தனித்தனிச் சுற்று, ஒன்று இன்ஜினுக்கு, மற்றது பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டருக்கு. சாதாரண மெக்கானிக் இரண்டாவதை மறந்துவிடுவார், நீங்கள்தான் ஞாபகப்படுத்த வேண்டும். கியர்பாக்ஸ் ஆயில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம் என்பார்கள், ஒரு லட்சம் கி.மீ. தாண்டியிருந்தால் நான் மாற்றச் சொல்வேன், பெரிய செலவில்லை. பிரேக் பேட் அபாரமாக உழைக்கும், ஏனென்றால் பாதி வேலையை மோட்டாரே செய்துவிடுகிறது, ஆனால் அதே காரணத்தால் டிஸ்க் துருப்பிடிக்கும், பேடை அழுத்தும் காலிப்பரின் பின்கள் இறுகிக்கொள்ளும், வருடத்துக்கு ஒருமுறை கழற்றி கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள்.

டிராஃபிக்கில் ஏசி போட்டுக்கொண்டு நியூட்ரலில் நிற்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். நியூட்ரலில் இன்ஜின் ஓடினாலும் பெரிய பேட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தும்படி ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரெடியில் போட்டு அரைமணி நேரமாவது விட்டுவையுங்கள், முடிந்தால் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்.

பேட்டரி கடைசியில் போனால் "கெட்ட மாட்யூலை மட்டும் மாத்தித் தர்றேன், பாதி செலவுகூட ஆகாது" என்று ஒருவர் கண்டிப்பாக வருவார். வண்டியை அடுத்த மாதம் விற்கப்போகிறீர்கள் என்றால் சரி. வைத்து ஓட்டுவதென்றால், மற்ற மாட்யூல்களுக்கும் அதே வயதுதான், ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டே இருக்கும். நீங்களே பிரித்துப் பார்க்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். ஆரஞ்சு நிற வயர் எல்லாம் உயர் மின்னழுத்தம். பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும், பயிற்சி எடுத்தவர்களே காப்பு கையுறை போட்டுக்கொண்டு பத்து நிமிடம் காத்திருந்துதான் கை வைக்கிறார்கள்.

வழியில் நின்றுவிட்டால் முன்சக்கரம் தரையில் உருளும்படி கட்டி இழுக்க விடாதீர்கள். சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றும், மின்சாரம் உண்டாகி வேறு எதையாவது சுட்டுவிடும். பிரேக்டவுன் வண்டியைக் கூப்பிடும்போதே ஹைபிரிட் என்று சொல்லி, மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியாக அனுப்பச் சொல்லுங்கள்.